சமுகமளித்துள்ளேன் ஐயா

வன்னிப் பிராந்திய உயர்கற்கை நிறுவகத்தில் படிப்பு நடந்ததா என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். வரவு எடுத்தார்களா என்று கேட்டால் எல்லாரும் ஓம் என்பார்கள். கிளிநொச்சிக்குத் தெற்கே, பெரிய வீதியால் இறங்கிச் செம்மண் ஒழுங்கையில் போனால் வருகிற அந்த வளாகத்தில் கூரை ஒழுகும். ஆய்வுகூடத்தில் ஆய்வு செய்ய ஒன்றும் இராது. விரிவுரையாளர் மூன்று மாதம் லீவில் நிற்பார். அதையெல்லாம் ஒருவரும் பெரிதாக எடுத்ததில்லை. வரவு மட்டும் ஒருநாளும் தவறியதில்லை.

அந்தப் பெருமை முழுவதும் உதவிப் பதிவாளர் சிற்றம்பலத்தையே சேரும். மனுசன் இதற்கு முன்பு மீள்குடியேற்றக் கந்தோர் ஒன்றில் பதினொரு வருடம் உத்தியோகம் பார்த்தவர். முகாம்களிலிருந்து வந்த சனத்தை வரிசையில் விட்டுப் பெயர் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. சும்மா சொல்லக்கூடாது, ஒலிபெருக்கி இல்லாமலே அடுத்த கிராமத்துக்குக் கேட்கும். விரிவுரையாளர்களை நம்பி வரவேட்டைக் கொடுப்பது ஆபத்து என்று பணிப்பாளருக்குக் கடிதம் எழுதி, அந்த வேலையைத் தானே வாங்கிக்கொண்டார். நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். தகப்பன் பெயர், பிள்ளையின் பெயர், பதிவிலக்கம். அதற்கு அந்தப் பிள்ளை 'சமுகமளித்துள்ளேன் ஐயா' என்று சொல்லவேண்டும். 'பிரசன்ட்' என்று ஆராவது சொல்லிவிட்டால், தமிழுக்கு நேர்ந்த கதியைப்பற்றி ஐந்து நிமிடம் அழுதுவிட்டு மறுபடி முதலிலிருந்து கூப்பிடுவார்.

கொரோனா வந்து படிப்பு ஒன்லைனுக்குப் போனது. அது முடிய எரிபொருள் இல்லாமல் போய் ஒன்லைன் இன்னும் நீண்டது. சிற்றம்பலம் அசையவில்லை. சூமிலும் அவரே வந்தார். ஒரு மணித்தியால வகுப்பில் நாற்பது நிமிடம் வரவு, மிச்சம் இருபது நிமிடத்தில் 'கேட்குதா, கேட்குதா' என்று பத்து நிமிடம், பாடம் பத்து நிமிடம். ஒருநாள் அகர வரிசையில் கூப்பிடுவார், மறுநாள் தலைகீழாக. 'அ'வில் தொடங்குகிற பிள்ளைகளே எந்த நாளும் முதலில் களைத்துப் போகக்கூடாதாம். நிறுவகத்தில் சமத்துவம் என்று ஒன்று இருந்தது இந்த ஒரு விசயத்தில்தான்.

விசுவமடுவில் இளையதம்பியின் மகள் சிவரூபி கிணற்றுக்கட்டில் இருந்து படித்தாள். வளவில் வேறெங்கும் சிக்னல் இல்லை. கட்டை விட்டு நாலடி நகர்ந்தால் சூம் அறுந்துவிடும். தகப்பன் வயலில் நிற்பார். தாய் கமலாசனி உள்ளே கட்டிலில். சிறுநீரகம் பழுதாகி மனுசி இரண்டு வருடமாகப் படுக்கை.

அன்றைக்குத் தலைகீழ் வரிசை. வரவு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து "சிவா, ஒருக்கா வா பிள்ளை" என்று தாய் கூப்பிட்டாள். இவள் போனைப் பொத்திக்கொண்டு, "பொறுங்கோ அம்மா, பேர் கூப்பிடுகினம்" என்றாள். பிறகும் ஒருக்கால் கூப்பிட்டது. அவளும் பிறகும் ஒருக்கால் பொறுங்கோ என்றாள். 'இளையதம்பி சிவரூபி' என்று வருவதற்கு முப்பத்தெட்டு நிமிடம் சென்றது. "சமுகமளித்துள்ளேன் ஐயா" என்று தெளிவாகச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். கமலாசனி கண்ணைத் திறந்தபடி கிடந்தாள். கை மட்டும் கட்டிலுக்கு வெளியே நீண்டு கிடந்தது.

நிறுவகத்தின் வரவேட்டில் அந்த நாளைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. சிவரூபி, சமுகம்.

எட்டு மாதம் கழித்து, எல்லாரும் நேரில் வரவேண்டும் என்று அறிவித்தல் வந்தது. முதல்நாள் மண்டபத்தில் கூட்டம். பணிப்பாளர் மேடையில் ஏறி ஒலிவாங்கியை மூன்றுதரம் தட்டினார்.

"அன்பான மாணவச் செல்வங்களே! இணையவழிக் காலத்தில் நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா என்பதே எமக்குத் தெரியாது. அதனால் எமது நிர்வாகம் மிகவும் சுமுகமாக நடந்தது. இப்போது நீங்கள் வந்துவிட்டீர்கள். வந்த பிரச்சினையை எதிர்கொள்ள நாம் தயாராக இருக்கிறோம். ஒன்லைனில் ஒருவர் உழவு இயந்திரம் ஓட்டிக்கொண்டு வரவு சொன்னதாகவும் அறிகிறோம். ஆகவே இன்றுமுதல் 'குரலே மாணவர்' என்ற சுற்றறிக்கை அமுலுக்கு வருகிறது. எழும்ப வேண்டும், உரத்துச் சொல்ல வேண்டும், இருக்க வேண்டும். அறுபது நாளில் பன்னிரண்டு நாள்தான் விலக்கு. பதின்மூன்றாவது நாளும் தவறினால் பரீட்சை இல்லை."

எல்லாரும் கைதட்டினார்கள். ஏன் தட்டுகிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது. முன்வரிசை தட்டியது, பின்வரிசையும் தட்டியது.

பிறகு சிற்றம்பலம் ஏட்டை விரித்தார். சூமில் கேட்ட அதே குரல், இப்போது நாலு சுவருக்குள் நேரே வந்து அடித்தது. "இளையதம்பி சிவரூபி!" அவள் எழும்பினாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மண்டபத்தில் இருந்த நூற்றுப் பதினொரு பேரையும் தாண்டி, உள்ளறையிலிருந்து அம்மா கூப்பிடுவது கேட்டது. இப்போது ஓடவேண்டும் என்று கால் துடித்தது. வாய் மட்டும் திறந்தபடி நின்றது.

சிற்றம்பலம் மூன்றுதரம் கூப்பிட்டார். மூன்றுதரமும் அவளைப் பார்த்துக்கொண்டுதான் கூப்பிட்டார். பிறகு சிவப்பு மையால் 'சமுகமில்லை' என்று எழுதினார்.

"ஐயா, அவள் முன்னுக்கு நிக்கிறாள்தானே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அது சப்னா. முல்லைத்தீவுப் பக்கம் நீராவிப்பிட்டி, வியாபாரி அன்ஸாரின் மகள். இவளும் அவளும் ஒன்லைனில் இரண்டு வருடம் இரவு பகலாகக் கதைத்த சிநேகிதிகள். முகம் பார்த்தது அன்று காலையில் பஸ்ஸில்தான்.

"நிக்கிறது வேறை, சமுகமளிக்கிறது வேறை பிள்ளை," என்றார் சிற்றம்பலம். "நான் எத்தனை ஆயிரம் சனத்தைக் கண்டிருப்பன். நிக்கிற ஆக்கள் எல்லாரையும் எழுதினால் ஏடு காணுமே?"

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். விந்தை என்னவென்றால் வீட்டில் கதைப்பாள், பஸ்ஸில் சப்னாவோடு சிரித்துக் கதைப்பாள், விரிவுரையாளர் கேள்வி கேட்டால் மெல்லமாகவேனும் பதில் சொல்வாள். பெயர் கூப்பிட்டால் மட்டும் தொண்டை பூட்டிக்கொள்ளும். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பதில் சொல்லாமல் ஏட்டில் ஒரு கையொப்பம் வைக்க விடவேண்டும். பேனையும் அவளுடையதே. இதைவிடச் சின்ன உதவியை ஒரு நிறுவகத்திடம் கேட்க ஏலாது. அதுதான் அவள் விட்ட பிழை. சின்ன உதவி செய்ய அங்கே ஒருவருக்கும் அதிகாரம் இல்லை.

நல்லவேளையாக ஒரு குழு இருந்தது. பிள்ளைகள் வளாகத்துக்குத் திரும்புவதில் பதற்றம் இருக்கும், அதை நீக்கக் குழு அமைக்கவும் என்று கொழும்பிலிருந்து கடிதம் வந்திருந்தது. 'வளாக மீள்வருகைப் பதற்ற நீக்கற் குழு' என்று கதவில் பலகையும் தொங்கியது. மாணவர் நலன் பொறுப்பாளர் விமலேஸ்வரி தலைவர், சிற்றம்பலம் செயலாளர். பதற்றமுள்ளவர்கள் பெற்றோருடன் வந்து படிவம் நிரப்ப வேண்டும். படிவம் புதிதாக அடிக்க நேரம் காணாதபடியால், சிற்றம்பலம் தன் பழைய கந்தோரிலிருந்து கட்டுக்கட்டாகக் கொண்டுவந்ததன் தலைப்பில் 'குடியேற்ற' என்பதை வெள்ளை மையால் அழித்து, 'வருகை' என்று பேனையால் எழுதியிருந்தார்.

இளையதம்பி வந்து படிவத்தைக் கையில் வாங்கினார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இந்தப் படிவத்தை அவர் ஐந்துதரம் நிரப்பியவர். மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கியில் கடதாசியை வைத்து மளமளவென்று எழுதத் தொடங்கினார். இடம்பெயர்ந்த திகதி, கிணறு பாவனைக்குரியதா தூர்ந்ததா, கூரைத்தகடு எத்தனை. விழித்துக்கொண்டு நின்ற மற்றப் பதினாறு பிள்ளைகளும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அங்கிள், 'இறுதியாகத் தங்கியிருந்த முகாம்' எண்டிருக்கு. என்ன எழுதுறது?"

"கடைசியா எங்கை இருந்து வாறியள்?"

"சூமிலை இருந்துதான் அங்கிள்."

"அப்ப அதை எழுதுங்கோ. வெறுமனே விட்டால் திருப்பி அனுப்புவினம், அனுபவத்திலை சொல்லுறன்."

பதினேழு பேரும் 'சூம் முகாம்' என்று எழுதிக் கையொப்பம் வைத்தார்கள். இளையதம்பிக்கு அன்றைக்கு மூன்று பிள்ளைகள் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார்கள்.

படிவத்தின் கடைசியில் 'இழப்புகள்' என்று ஒரு கட்டம். இளையதம்பி அதில் 'கமலாசனி, மனைவி' என்று எழுதியிருந்தார். விமலேஸ்வரி அதைக் கண்டு மூக்குக்கண்ணாடியை இறக்கினார்.

"ஐயா, இதிலை ஆடு, மாடு, கோழி, நீரிறைக்கிற மிசின், இதுகள்தான் எழுதலாம். ஆளுக்கு வேறை படிவம். அது எங்களிட்டை இல்லை."

"பிள்ளைக்குக் குரல் வராதது அதாலைதான் அம்மா. அவ கூப்பிடேக்கை இவள் வரவு சொல்லிக்கொண்டு இருந்தவள்."

"எந்தத் திகதி?" என்று கேட்டார் சிற்றம்பலம். திகதியைச் சொன்னதும் ஏட்டைப் புரட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அண்டைக்கு இவ சமுகமளிச்சிருக்கிறா. எங்கடை பக்கம் ஒரு பிழையும் இல்லை."

இளையதம்பி அந்தப் பெயரை வெட்டினார். வெட்டுகிறபோது பேனை அழுந்திக் கடதாசி கிழிந்துவிட்டது. வேறு படிவம் எடுத்து முதலிலிருந்து எழுதச் சொன்னார்கள். எழுதினார். இழப்புகள், இல்லை.

அதற்குப் பிறகு அத்தாட்சி. குரல் இல்லை என்பதற்கு வைத்தியர் கடிதம் கேட்டார்கள். வைத்தியர் தொண்டைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்து, தொண்டையில் நோய் இல்லை, பிள்ளையின் மனதில் துக்கம் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். துக்கத்தைப் பதிய இடாப்பு இல்லை என்று குழு அதைத் திருப்பிவிட்டது. நோய் இல்லையென்றால் குரல் தொலைந்திருக்கிறது. தொலைந்த சாமானுக்குப் பொலிஸ் முறைப்பாடு வேண்டும். அடையாள அட்டை தொலைந்தால் அப்படித்தானே செய்கிறார்கள்?

பொலிஸ் நிலையத்தில் தமிழ் தெரிந்த ஒரு கான்ஸ்டபிள் இருந்தார். நல்ல மனுசன். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு எழுதினார். தொலைந்த பொருள், குரல். நிறம், தெரியாது. பெறுமதி, தெரியாது. இறுதியாகப் பாவித்த இடம், வீட்டுக் கிணற்றடி. "கிடைச்சால் அறிவிப்பம் அண்ணை," என்று இளையதம்பியின் தோளில் தட்டினார். அந்தச் சில நாளில் சிவரூபியின் தகப்பனுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்ன ஒரே உத்தியோகத்தர் அவர்தான்.

முறைப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது குழு ஓர் அறிவித்தலோடு காத்திருந்தது. வருகிற வெள்ளிக்கிழமை பதற்ற நீக்கல் நாள். பதற்றமுள்ளவர்கள் தவறாமல் வரவேண்டும். தவறினால் விளக்கம் கோரப்படும்.

அன்று மண்டபத்துக்கு வாழைமரம் கட்டியிருந்தார்கள். மங்கல விளக்கை ஏற்ற ஒன்பது பேருக்கு ஒன்பது திரி. மேடையின் வலப்பக்கம் 'பதற்றமுடையோர்', இடப்பக்கம் 'பதற்றமற்றோர்' என்று எழுதி ஒட்டியிருந்தது. பதினேழு பேரும் வலப்பக்கக் கதிரைகளில் எல்லாரும் பார்க்க இருத்தப்பட்டார்கள். பின்னுக்கிருந்த பெடியள் சிலர் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள்.

விமலேஸ்வரி சிறப்புரை ஆற்றினார். "பதற்றம் என்பது ஒரு மனநிலை. அதைப்பற்றிக் கதைக்க வேண்டும், ஒளிக்கக் கூடாது. எனக்கும் இளவயதில் பதற்றம் இருந்தது. நான் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆகவேதான் இன்று இந்தப் பதவியில் இருக்கிறேன். எமது அலுவலகக் கதவு உங்களுக்காக எந்நேரமும் திறந்திருக்கும். செவ்வாய்க்கிழமை பத்து மணியிலிருந்து பத்தே முக்கால் வரை. அழுகின்ற பிள்ளைகள் அழுது முடித்துவிட்டு வரவும். ஏனெனில் எமது கதிரைகள் புதியவை."

கைதட்டல் ஓய முன்பே வாசலில் ஒரு லொறி வந்து நின்றது. பதினேழு படிவங்களும் எப்படியோ பழைய மீள்குடியேற்றக் கந்தோருக்குப் போய்ச் சேர்ந்து, 'சூம் முகாமிலிருந்து பதினேழு குடும்பங்கள்' என்று பதிவாகியிருந்தன. ஆளுக்குக் கூரை போட ஒரு தரப்பாள், ஒரு மண்வெட்டி, ஒரு வாளி, படுக்கைக்கு மேலே கட்ட ஒரு நுளம்பு வலை. எங்கே இருக்கிறது அந்த முகாம் என்று ஒருவரும் கேட்கவில்லை. பணிப்பாளர் கொஞ்சமும் தடுமாறாமல், "எமது மாணவர்களின் பதற்றத்துக்கு முதற்கட்ட நிவாரணம்" என்று அறிவித்துவிட்டு, ஒவ்வொருவராகக் கொடுத்தார்.

சிவரூபி இரண்டு கையாலும் தரப்பாளை வாங்கினாள். படம் எடுத்தார்கள். அடுத்து சிற்றம்பலம் பெறுநர் வரவு கூப்பிட்டார். அவளால் சொல்ல முடியவில்லை. வந்திராதவருக்கு நிவாரணம் கொடுத்தால் கணக்காய்வில் மாட்டும் என்று சிற்றம்பலம் தரப்பாளைத் திருப்பி வாங்கி லொறியில் போட்டார். அவளுக்குத் தரப்பாள் வேண்டியிருக்கவில்லைத்தான். ஆனாலும் இத்தனை பேருக்கு முன்னால் கையிலிருந்து பறித்தபோது அவமானத்தில் முகம் எரிந்தது. மேடையின் பின்னால் போய் நின்று அழுதாள். பிறகு அந்தப் படம் நிறுவகத்தின் சஞ்சிகை அட்டையில் வந்தது.

பன்னிரண்டு சிவப்பு விழுந்துவிட்டது. இனி ஒன்று விழுந்தால் பரீட்சை இல்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று தாய் கட்டிலில் கிடந்தபடியே வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த படிப்பு. தாய் கூப்பிடப் போகாமல் இருந்து படித்த படிப்பு. அதுவும் இல்லையென்றால் அந்த முப்பத்தெட்டு நிமிடத்துக்கு என்ன கணக்கு? இதைத்தான் அவள் நாள் முழுக்க நினைத்தாள்.

பதின்மூன்றாம் நாள். "இளையதம்பி சிவரூபி!" அவள் எழும்பி வாயைத் திறந்தாள்.

"சமுகமளித்துள்ளேன் ஐயா."

சிவரூபி திடுக்கிட்டுப் போனாள். குரல் தனக்குப் பின்னாலிருந்து வந்திருந்தது. சிற்றம்பலம் ஏட்டைவிட்டுத் தலை நிமிர்த்தவில்லை. முதன்முறையாக நீல மையால் எழுதினார்.

"உனக்கென்ன விசரே?" என்று வெளியே வந்ததும் சப்னாவின் கையைப் பிடித்து உலுக்கினாள். "பிடிச்சால் உன்னை வீட்டை அனுப்பிப்போடுவினம்!"

"பிடிக்கிறதுக்கு அவர் ஆளைப் பாக்கிறாரோ? ஏட்டைத்தானே பாக்கிறார்," என்றாள் சப்னா. "நீ எழும்பி வாயைத் திற, மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன். இரண்டு வருசம் எனக்கு உன்ரை குரலைத் தவிர வேறை என்ன தெரியும்? எனக்கு வராட்டில் ஆருக்கு வரும்?"

ஒன்பது நாள் அப்படிப் போனது. பத்தாம் நாள் சிவரூபிக்கும், சிநேகிதி என்பதால் சப்னாவுக்கும் கடிதம் வந்தது. குழுவின் முன் சமுகமளிக்கவும்.

பணிப்பாளர் நடுவில், விமலேஸ்வரி ஒரு பக்கம், சிற்றம்பலம் மறுபக்கம். மேசையில் இரண்டு கோப்பு. விமலேஸ்வரி முதலில் ஒரு கடிதத்தை எடுத்து அவள் பக்கம் திருப்பினார்.

"பிள்ளை, உமக்கொரு நல்ல செய்தி. உம்மடை விண்ணப்பத்தைக் குழு ஏற்றுக்கொண்டிருக்குது. நீர் குரலுக்குப் பதிலாக் கையொப்பம் போடலாம். போன நாளுகளுக்கும் சேர்த்து. மூண்டு பேரும் ஒப்பமும் வைச்சாச்சு."

சிவரூபி கடிதத்தைப் பார்த்தாள். உண்மைதான். மூன்று கையொப்பமும் இருந்தன, முத்திரையும் குத்தியிருந்தது. கண் கலங்கி எழுத்துகள் தெரியாமல் போயின. கையை நீட்டினாள்.

"பொறும்," என்றார் பணிப்பாளர். "ஒரு சின்ன விசயம். ஒன்பது நாளா உம்மடை பேருக்கு ஒரு குரல் பதில் சொல்லியிருக்கு. குரல் இல்லை எண்டு பொலிசிலை எழுதிக் குடுத்த ஆளுக்கு எப்பிடிக் குரல் வந்தது? ஆள்மாறாட்டம் எண்டால் சொன்ன ஆளை நிறுவகத்தை விட்டு நீக்கவேணும். அது ஆரெண்டு இந்தக் கடதாசியிலை எழுதும். நீர் கதைக்கத் தேவையில்லை, பேரை எழுதினாக் காணும். எழுதிப்போட்டுக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போம்."

"அல்லது நீரே சொன்னனீர் எண்டால்," என்று சிற்றம்பலம் சுற்றறிக்கையை விரித்தார், "குரல் இருந்தும் பேசாமல் நிண்டிருக்கிறீர். வேணுமெண்டு பேசாத ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு நாள் கணக்கு. பன்னிரண்டு, இருபத்துநாலு. கடிதமும் இல்லை, பரீட்சையும் இல்லை, இடாப்பிலை பேரும் இல்லை."

பேனையை அவளுக்கு முன்னால் வைத்தார்கள். பக்கத்தில் நின்ற சப்னாவின் மூச்சு அவளுக்குக் கேட்டது. அன்ஸாரின் குடும்பம், முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது போய், இருபது வருடத்துக்கு மேல் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தது. மகளைப் படிக்க அனுப்பியதற்கு ஊரில் எத்தனை பேருக்குப் பதில் சொல்லியிருப்பார் என்று சப்னாவே சொல்லியிருக்கிறாள்.

சப்னா ஓரடி முன்னால் வந்தாள். "சேர், அது நான்..."

"நான்தான் ஐயா சொன்னனான்."

அறையில் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். சப்னாவும் பார்த்தாள். சிவரூபிக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது. நடுங்கியது, ஆனாலும் வந்தது. "ஒன்பது நாளும் நான்தான் சொன்னனான். வேறை ஒருதரும் இல்லை. இவள் எனக்காகப் பொய் சொல்லப் பாக்கிறாள்."

சிற்றம்பலம் மெதுவாக எழும்பினார். ஏட்டைத் திறந்து, தொண்டையைச் செருமி, மண்டபத்தில் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டார்.

"இளையதம்பி சிவரூபி!"

அம்மா கூப்பிட்டாள். இந்தமுறையும் அம்மா கூப்பிட்டாள். அவள் மேசையின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளேயிருந்து வந்த அந்தக் குரலை இன்னொருதரம் காக்க வைத்தாள்.

"சமுகமளித்துள்ளேன் ஐயா."

விமலேஸ்வரி கைதட்டினார். பணிப்பாளரும் தட்டினார். விமலேஸ்வரியின் கண்ணில் உண்மையாகவே கண்ணீர். "பாத்தீங்களே சேர்! பதினேழு பேரிலை ஒரு ஆள் பூரண குணம்! பதற்ற நீக்கல் நாள் நடத்தினது வீண்போகேல்லை. கொழும்புக்கு உடனை அறிக்கை போடுவம்." பதற்றம் முற்றாக நீங்கியோர், ஒன்று என்று சிற்றம்பலம் அங்கேயே குறித்துக்கொண்டார். பிறகு ஒப்பமிட்ட கடிதத்தை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடைக்குள் போட்டார். பூரண குணமடைந்தபடியால் மாணவி பரீட்சையிலிருந்தும் இடாப்பிலிருந்தும் நீக்கப்படுகிறார் என்று பணிப்பாளர் சொல்லச் சொல்ல எழுதினார். அதிலும் சிவரூபி கையொப்பம் வைக்கவேண்டியிருந்தது. அங்கே அவளை வைக்கவிட்ட ஒரே கையொப்பம் அது.

விறாந்தையில் சப்னா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விம்மினாள். "ஏனடி? கடிதம் கையிலை வந்திட்டுதேடி. எழுதியிருக்கலாமே. ஏனடி இப்பிடிச் செய்தனீ?"

"நீ போய்ப் படி," என்றாள் சிவரூபி. "சோதினைக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கு. அந்த நாலாம் பாடத்தை விடாமப் பார்."

வெளியே வேப்பமரத்தடியில் இளையதம்பி மோட்டார் சைக்கிளோடு நின்றார். மகளைக் கண்டதும் இரண்டெட்டு முன்னால் வந்தார். "என்னவாம் பிள்ளை?"

அவள் சொல்லத்தான் வாயெடுத்தாள். முகத்தைப் பார்த்ததும் பாதிதான் வந்தது. "பேர் கூப்பிட்டவை அப்பா. நான் பதில் சொன்னனான்."

"வாயாலையோ?"

"ஓம் அப்பா. வாயாலைதான்."

மனுசன் வாசல் காவலாளியைக் கூப்பிட்டு, "தம்பி, என்ரை பிள்ளை வாய் திறந்திட்டாள்!" என்றார். ஒழுங்கையால் சைக்கிளில் போன முன்பின் தெரியாத ஒருவரிடமும் சொன்னார். காவலாளி சந்தோசம் ஐயா என்றார். இளையதம்பி சால்வையால் முகத்தைத் துடைத்து, மறுபடி துடைத்து, வண்டியை உதைத்தார்.

பரந்தன் வரட்டும், அங்கே சொல்லிவிடுவோம் என்று சிவரூபி நினைத்தாள். பரந்தனில் அப்பா நிறுத்தி இனிப்பு வாங்கினார். முரசுமோட்டையில் சொல்வோம் என்று விட்டாள். அங்கே அவர் கமலாசனியைப்பற்றிக் கதைக்கத் தொடங்கியிருந்தார். அவ இதைக் கேட்டிருந்தால் எழும்பி இருந்திருப்பா என்றார். தருமபுரம் போனது. வயல்வெளி போனது. வீடு வந்துவிட்டது.

உள்ளே போய் ஒரு மிடறு தண்ணீர் குடித்ததும் குடிக்காததுமாக அவர் கேட்டார்.

"அப்ப சோதினை எண்டைக்குத் தொடங்குது பிள்ளை? அண்டைக்கு நான் வயலுக்குப் போகேல்லை. நானே கொண்டுபோய் விடுறன்."

சிவரூபி திகதியைச் சொன்னாள். இளையதம்பி பேனை தேடி எடுத்து, சுவரில் தொங்கிய கலண்டரின் தாளைப் புரட்டி, அந்த நாளைச் சுற்றி வட்டம் போட்டார்.